தலை தீபாவளிக் கோப்பு

மாப்பிள்ளையிடம் போய் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்கிற வழக்கம் பட்டாபியின் குடும்பத்தில் கிடையாது. அவருடைய தாத்தா கேட்டதில்லை, அப்பாவும் கேட்டதில்லை. கொடுக்கிறவன் பார்த்துக் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்கிறவர் பார்த்ததும் முகம் மலர வேண்டும். கேட்டுக் கொடுத்தால் அது ஹோட்டலில் ஆர்டர் எடுப்பது, மரியாதை அல்ல. இந்த விஷயத்தில் அவர் வீட்டில் மாற்றுக் கருத்துக்கு இடம் இருந்ததே இல்லை.

வைகாசியில் அவருடைய ஒரே பெண் சுபிக்ஷாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அபினவ் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். நொய்டாவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. தமிழ் பேசுவார், படிக்க வராது. மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறையெல்லாம் அவருடைய அப்பா வெங்கடேஸ்வரனிடம் போய்ச் சேர்ந்திருந்தது. தனியார் கம்பெனியில் ஜெனரல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று, குர்காவ்னில் இருபத்திரண்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, கீழே இருக்கிற எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிற மனிதர். சர்க்கார் உத்தியோகஸ்தர் யாரையாவது கண்டால் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் பெருகும்.

ரிசப்ஷன் பந்தியில், நாற்பது பேர் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவர் சொன்னார்: "கவர்ன்மென்ட்காராளுக்குக் கம்ப்யூட்டர்னா என்ன ஞாபகம் வரும் தெரியுமோ? அதுக்கு மேல போட்டு மூடற துணி உறை! என்ன பட்டாபி மாமா, சரிதானே?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த ஆள்கூடச் சிரித்தான். பட்டாபி சிரிக்கவில்லை, ஏனென்றால் அது உண்மை. தொண்ணூற்றாறில் அவருடைய செக்ஷனுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர், இணைச் செயலர் வந்து தொடங்கிவைக்கட்டும் என்று பதினாலு மாதம் பச்சைத் துணி உறைக்குள்ளேயே இருந்தது. அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஆயுத பூஜைக்கு யாரோ அதற்குச் சந்தனப் பொட்டுகூட வைத்தார்கள்.

அந்தப் பந்தியிலேயே தீர்மானம் ஆகிவிட்டது. தலை தீபாவளிக்கு மோதிரமும் இல்லை, கைக்கடிகாரமும் இல்லை. லேப்டாப். அதுவும், மாப்பிள்ளை திறந்து பார்த்த மாத்திரத்தில் வெங்கடேஸ்வரன் வாயை மூடிக்கொள்ளும்படியான லேப்டாப். தப்பான பொருளை வாங்கிவிட்டால் போச்சு. இருபத்திரண்டாவது மாடியிலிருந்து கிளம்புகிற சிரிப்பு தில்லி மயூர் விஹாரில் இவர் வீட்டு ஹாலில் ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு காரியத்தைச் செய்ய பட்டாபிக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். மத்திய சர்க்காரில் முப்பத்தாறு வருஷம். அதில் கடைசி ஒன்பது வருஷம் விஜிலென்ஸ் பிரிவில் அண்டர் செக்ரட்டரி. மனைவி மாலாவும் வேறொரு அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீஸராக ஓய்வு பெற்றவள். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலத்திலிருந்தே அந்த வீட்டில் ஃப்ரிஜ் வாங்கியதும் கோப்பு போட்டுத்தான், சுபிக்ஷாவுக்கு ஸ்கூல் பார்த்ததும் கோப்பு போட்டுத்தான். வாயால் பேசினால் சண்டை வருகிறது, எழுதினால் முடிவு வருகிறது என்பது இருவரும் கண்ட அனுபவம். மாலா காலையில் குறிப்பு எழுதிச் சாப்பாட்டு மேஜையில் வைப்பாள். அவர் மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால் உத்தரவு எழுதித் திருப்பி வைப்பார். நடுவில் அதைப் பற்றிப் பேசக் கூடாது. பச்சை நிறக் குறிப்புத் தாள் லக்ஷ்மி நகரில் காசு கொடுத்து வாங்கியது. சர்க்கார் தாள் ஒன்றுகூட அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டி வந்ததில்லை.

புரட்டாசி பிறந்த அன்று பட்டாபி முதல் பக்கத்தை எழுதினார். ஆங்கிலத்தில்தான், பழக்கதோஷம். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"பொருள்: சிரஞ்சீவி அபினவின் தலை தீபாவளிக்கு லேப்டாப் ஒன்று வாங்குதல். எந்த வகை, அதற்குள் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் என்பதை ஆராய வேண்டும். மாப்பிள்ளையை எக்காரணம் கொண்டும் கேட்கக் கூடாது. சுபிக்ஷாவையும் கேட்கக் கூடாது. கேட்டால் அன்று சாயங்காலமே அவருக்குத் தெரிந்துவிடும். தொழில்நுட்ப அபிப்பிராயம் பெற்றுச் சமர்ப்பிக்கவும்."

தொழில்நுட்ப அபிப்பிராயத்துக்கு அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மேல் மாடியில் இந்திராணி என்ற மதுரைப் பெண் வாடகைக்கு இருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கீழே வரவழைத்து, காபி கொடுத்து, பட்டாபி விசாரணையைத் தொடங்கினார்.

"ஆபரேட்டிங் சிஸ்டம்னா என்னன்னு நேக்குத் தெரியும். எதுன்னுதான் தெரியணும்."

"பெருசா மூணு இருக்கு சார். விண்டோஸ், மேக், லினக்ஸ். யாருக்கு சார், உங்களுக்கா?"

"இல்லை. ஒரு மூணாம் நபருக்கு."

"அவரு என்ன வேலை பாக்குறாரு?"

"அதைச் சொல்றதுக்கில்லை."

"சரி. கேம் விளையாடுவாரா? வீடியோ எடிட் பண்ணுவாரா?"

"விளையாட்டெல்லாம் கிடையாது. மரியாதையான குடும்பம்."

இந்திராணி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப அவரையே கேட்டுருங்க சார். இது செருப்பு வாங்குற மாதிரிதான். கால் யாருதோ அவங்களுக்குத்தான் அளவு தெரியும்."

"மாப்... மூணாம் நபரைக் கேக்க முடியாதுன்னு முடிவாயிடுத்து."

"சரிங்க சார்," என்றாள் இந்திராணி. பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: ரேம் பதினாறு ஜி.பி., எஸ்.எஸ்.டி. ஐந்நூற்றுப் பன்னிரண்டு, எடை ஒன்றரைக் கிலோவுக்குள், கீபோர்டைத் தட்டிப் பார்த்து வாங்கவும். ஆபரேட்டிங் சிஸ்டம்: மாப்பிள்ளையைக் கேட்கவும்.

பட்டாபி கடைசி வரியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டுக் கோப்பில் சேர்த்தார்.

அடுத்த வாரம் மாலா கனாட் பிளேஸ் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை கோப்பில் இருந்தது:

"மேக் வகை லேப்டாப்பைப் பார்வையிட்டேன். பொருள் நேர்த்தியானது. ஆனால் மூடியின் நடுவில் யாரோ ஒரு கடி கடித்த பழத்தின் படம் இருக்கிறது. தலை தீபாவளித் தட்டில், மஞ்சள் குங்குமத்துக்கும் வெற்றிலை பாக்குக்கும் பக்கத்தில், கடித்த பழத்தை வைப்பது நம் குடும்ப வழக்கத்துக்குப் பொருந்துமா என்பதை அதிகாரி அவர்கள் முடிவு செய்யலாம். உத்தரவுக்காக."

பட்டாபி இதை எதிர்பார்க்கவில்லை. அந்தப் படத்தை எத்தனையோ பேர் கையில் பார்த்திருக்கிறார். அது கடித்த பழம் என்பது கண்ணில் பட்டதே தவிர, மனசில் படவில்லை. இப்போது பட்டுவிட்டது. சம்பந்தி வீட்டார் எதிரில் எச்சில் பழம்! அவர் பேனாவை எடுத்து ஒரே வார்த்தையில் எழுதினார்: "கூடாது." கொஞ்சம் யோசித்து, கீழே இன்னொரு வரி சேர்த்தார்: "இதைச் சுட்டிக்காட்டியதற்குப் பாராட்டு."

மூன்றாவது குறிப்பு விண்டோஸைப் பற்றியது. மாலா விவரமாக எழுதியிருந்தாள்:

"முறையாக விண்டோஸ் போட்டு வருகிற லேப்டாப்பில் தோஷம் ஒன்றும் இல்லை. ஆனால் முதல்முறை திறந்ததும் அது தேசம், மொழி, பெயர், இமெயில், கடவுச்சொல் என்று வரிசையாகக் கேட்கும். நடுநடுவே 'காத்திருக்கவும்' என்று சொல்லும். இந்திராணியிடம் விசாரித்ததில் அரை மணி நேரமோ கூடவோ ஆகலாம் என்று தெரிகிறது. நாமே முன்கூட்டித் திறந்து பதில் எழுதிவிட்டால் பிரித்த பொருளைக் கொடுத்ததாக ஆகும். தீபாவளி திங்கட்கிழமை; ஏழரைக்கு ராகுகாலம் ஆரம்பம். அந்தச் சமயத்தில் லேப்டாப் காத்திருக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் சம்பந்தி அவர்கள் என்ன சொல்லக்கூடும் என்பதை அதிகாரி அவர்களே ஊகிக்கலாம். உத்தரவுக்காக."

ஊகிப்பதற்கு என்ன இருக்கிறது? அந்தக் குரல் பட்டாபியின் காதில் அப்போதே கேட்டது. 'என்ன மாமா, இதுவும் நாளைக்கு வாங்கோன்னு சொல்றதா? கவர்ன்மென்ட் மிஷினா?' அவர் அந்தக் குறிப்பின் கீழேயும் "கூடாது" என்று எழுதினார். பேனா கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது.

லினக்ஸை ஒதுக்கியது மாலா அல்ல, அவரேதான். இந்திராணியிடம் மாடிப்படியில் வைத்து, "அது என்ன விலை?" என்று கேட்டார். "அது ஃப்ரீ சார்," என்றாள். அவ்வளவுதான். பட்டாபி வீட்டு மாப்பிள்ளைக்கு இலவசமா? தேர்தலுக்கா நிற்கிறார் இவர்? கோப்பை அவரே கேட்டு வாங்கி, "இலவசப் பொருளைத் தலை தீபாவளிச் சீராக வைக்கும் பேச்சுக்கே இடமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

ஆக, மூன்றும் போயிற்று. தீபாவளிக்குப் பதினோரு நாள் இருந்தது.

மாலா இரண்டு நாள் கோப்பை நகர்த்தவே இல்லை. முறுக்குக்கு மாவு அரைப்பதும் தீபாவளி மருந்து கிளறுவதுமாக இருந்தாள். பட்டாபி ஹாலுக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தார். பேசக் கூடாது என்ற விதி அவர் போட்டதுதான். அதனால் தொண்டையை மட்டும் கனைத்தார். மூன்றாம் நாள் காலை, இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் கோப்பு வந்தது. ஒரு சின்னக் குறிப்பு:

"மீதி இருப்பது ஒரே வகை. இந்த மூன்றில் எதையும் போடாமல், பெயருக்குப் பழைய காலத்து டாஸ் மட்டும் வைத்து விற்கிறார்கள். இது பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. அதிகாரி அவர்கள் நேரில் பார்வையிட விரும்பலாம்."

அதிகாரி அவர்கள் அன்றைக்கே மெட்ரோ பிடித்து, கம்ப்யூட்டர் கடைகள் நெருங்கிக் கிடக்கிற நேரு பிளேஸ் போனார். படியில் ஏறுவதற்குள் ஏழெட்டுப் பேர் "ஸார், லேப்டாப்? பிரிண்டர்? ஸாஃப்ட்வேர்?" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், முதல் மாடியில் கொஞ்சம் வெளிச்சமாக இருந்த ஒரு கடையில் நுழைந்து, இந்திராணியின் தாளை நீட்டினார்.

கடைக்காரன் பஞ்சாபி, வாயில் ஏலக்காய். தாளைப் பார்த்து, "அச்சா, அங்கிள்ஜி," என்று ஒரு லேப்டாப்பை எடுத்து வைத்தான். மெலிசாக, சாம்பல் நிறத்தில், மூடியில் படம் கிடம் எதுவும் இல்லாமல் அடக்கமாக இருந்தது. பட்டாபி ஐந்து விரலாலும் கீபோர்டைத் தட்டிப் பார்த்தார். திருப்தியாக இருந்தது.

"டாஸ் வாலா லே லோ," என்று கடைக்காரன் குரலைத் தாழ்த்தினான். "விண்டோஸ் மை ஃப்ரீ மே டால் தூங்கா."

டாஸ் வகையை வாங்கிக்கொண்டால் விண்டோஸைச் சும்மாவே போட்டுத் தருகிறானாம். பட்டாபியின் விஜிலென்ஸ் காது நிமிர்ந்தது. "ஒரிஜினல்?" என்று கேட்டார்.

"பில்குல் ஒரிஜினல் ஜைஸா!" ஒரிஜினல் மாதிரியே என்று சந்தோஷமாகச் சொன்னான்.

ஒன்பது வருஷம் மற்றவர்களுடைய திருட்டைப் பிடித்த மனிதர், மாப்பிள்ளை தட்டில் திருட்டுச் சரக்கை வைப்பதா? "குச் நஹீன் டால்னா," என்றார் பட்டாபி. எதையும் போடக் கூடாது. சொன்ன தோரணையில் கடைக்காரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

ஆனால் வேறொரு சங்கடம் மனசில் குறுகுறுத்தது. வெறும் பாத்திரத்தை யாருக்கும் கொடுப்பதில்லை. குடமானாலும் தூக்கானாலும் ஒரு பிடி அரிசியோ கொஞ்சம் சர்க்கரையோ போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இது காலி லேப்டாப். இதில் சர்க்கரையை எங்கே போடுவது?

"ஆன் பண்ணு, பார்க்கலாம்," என்றார் ஹிந்தியில்.

கடைக்காரன் பொத்தானை அழுத்தினான். திரை கறுப்பாயிற்று. இடது மூலையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி வந்தது. அதன் கீழே 'சி' என்ற ஆங்கில எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, ஒரு சாய்கோடு, பக்கத்தில் கண் சிமிட்டிக்கொண்டு ஒரு சின்னக் கோடு.

பட்டாபிக்கு அது பழைய செக்ஷன் ஆள் ஒருவனை நேரு பிளேஸில் வைத்துப் பார்த்தது போலிருந்தது. அந்தப் பச்சை உறை நீக்கப்பட்ட பிறகு மூன்று நாள் பயிற்சிக்கு அவரை அனுப்பினார்கள். மூன்று நாளில் அவர் கற்றுக்கொண்டது ஒரே ஒரு கட்டளை. வலது கை ஆட்காட்டி விரலை நீட்டி, டி, ஐ, ஆர் என்று ஒவ்வொன்றாக அழுத்தி, என்டரைத் தட்டினார். திரையில் மளமளவென்று ஒரு பட்டியல் ஓடி நின்றது.

"வாஹ், அங்கிள்ஜி!" என்றான் கடைக்காரன். பக்கத்துக் கவுன்ட்டரில் இருந்தவன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான்.

பட்டாபி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். உள்ளே ஏதோ கொஞ்சம் இருக்கிறது. குடத்துக்குள் ஒரு பிடி அரிசி போல. காலிப் பாத்திரம் என்ற தோஷம் நீங்கிவிட்டது. மேலே போட்டுக்கொள்வது மாப்பிள்ளையின் இஷ்டம். அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஊகித்து அதில் தோற்கிற அவமானமும் இல்லை. எச்சில் இல்லை, காத்திருப்பு இல்லை, இலவசம் இல்லை, திருட்டு இல்லை. இவ்வளவு தெளிவான முடிவை இந்த வயதில் தனி ஒருவனாக எடுத்தோமே என்று வீடு திரும்பும் வழியெல்லாம், மெட்ரோவில் உட்கார இடம் கிடைக்காததைக்கூடப் பொருட்படுத்தாமல், நிமிர்ந்து நின்றுகொண்டே வந்தார்.

இரண்டரைப் பக்கத்துக்கு உத்தரவு எழுதினார். மாலா அதைப் படித்துவிட்டு, ஓரத்தில் "கண்டேன்" என்று எழுதி முதலெழுத்துப் போட்டாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

தீபாவளிக்கு முதல் நாளே அபினவும் சுபிக்ஷாவும் வந்துவிட்டார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைத்து, கங்கா ஸ்நானம் ஆயிற்று. ஆறு மணிக்குப் புது வேஷ்டியை வைத்துக் கொடுத்தார்கள். மஞ்சள் தடவிய வேஷ்டி. தில்லிப் பிள்ளை இடுப்பில் நிற்க வேண்டுமே என்று மாலா ஒட்டுப்பட்டையும் பாக்கெட்டும் வைத்ததாகத் தேடி வாங்கியிருந்தாள். ஆறரைக்குச் சம்பந்திகள் வந்தார்கள். இருட்டிலேயே கிளம்ப வேண்டியிருந்ததைப் பற்றி வெங்கடேஸ்வரன் லிஃப்ட்டிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார். அவருடைய மனைவி சாவித்திரி பின்னால் இரண்டு பை நிறைய பட்சணத்தோடு வந்தாள். வழக்கம்போல அதிகம் பேசவில்லை.

ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில், பட்டாபி வெள்ளித் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். வெற்றிலை, பாக்கு, முழுசான ஆறு ஆப்பிள், நடுவில் லேப்டாப். மூடியின் நான்கு மூலையிலும் மாலா துளி மஞ்சள் வைத்திருந்தாள்.

"மாப்ளே, வாங்கிக்கோங்கோ."

"அரே, லேப்டாப்பா!" என்றார் அபினவ். நமஸ்காரம் பண்ணி வாங்கிக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்து, திறந்து பொத்தானை அழுத்தினார். எல்லாரும் பின்னால் வந்து நின்றார்கள்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து இரண்டு வரி. கண் சிமிட்டும் கோடு.

வெங்கடேஸ்வரன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "என்ன மாமா இது, கரன்ட் போயிடுத்தா? உள்ள ஒண்ணுமே இல்லையே! டப்பாவை மட்டும் வாங்கிண்டு வந்துட்டேளா?" தொந்தி குலுங்கியது. "உறை எங்கே? மறந்துட்டேளா? அதாவது குடுத்திருக்கலாமே!"

பட்டாபியின் காது மடல் சுட்டது. இரண்டரைப் பக்க உத்தரவில் எழுதிய காரணங்களில் ஒன்றுகூட அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. ஊர் முழுக்க இனி இது ஒரு கதையாகப் போகும் என்று மட்டும் தோன்றியது.

"அப்பா, சுப் ரஹோ, சும்மா இருப்பா," என்றார் அபினவ். கீபோர்டைத் தடவிக்கொண்டிருந்தார், முகம் சின்னப் பிள்ளையினுடையது போல மலர்ந்திருந்தது. "மாமா, டாஸ் மாடல்! எல்லாரும் கண்டதையும் போட்டுக் குடுப்பா. நான் அதை அழிக்கறதுக்கே ஒரு நாள் ஆகும். இது கிளீன். என்னோட லினக்ஸைப் போட்டுக்கலாம். ஏக் மினிட்." அவர் வேஷ்டிப் பாக்கெட்டில் கைவிட்டு ஒரு சின்ன பென் டிரைவை எடுத்துச் செருகினார். இரண்டு நிமிஷத்தில் திரையில் நீல வெளிச்சம் பரவி, படங்களும் பெட்டிகளும் வந்து உட்கார்ந்தன. "பெர்ஃபெக்ட், மாமா. நானே போயிருந்தாலும் இதைத்தான் வாங்கியிருப்பேன்."

வெங்கடேஸ்வரனின் சிரிப்பு பாதியில் நின்றது. ஐந்து மாதமாக பட்டாபி காத்திருந்த காட்சி அதுதான். ஆனால் அவரால் அதை அனுபவிக்க முடியவில்லை. அவர் கண் பென் டிரைவ் மேல் இருந்தது.

அந்த வேஷ்டி மாப்பிள்ளை கைக்குப் போய் முக்கால் மணி நேரம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் அவர் இடுப்பில் இருந்தது துண்டு. ஆக, குளித்துவிட்டு வந்து, புது வேஷ்டி கட்டிக்கொண்டு, பையைத் திறந்து, பென் டிரைவை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருக்கிறார். தலை தீபாவளிக்கு யார் பென் டிரைவோடு வந்து உட்காருவார்கள்? லேப்டாப் வரப்போகிறது, அதுவும் காலியாக வரப்போகிறது என்று தெரிந்தவர்தான் வருவார்.

பட்டாபி சமையலறைக்குள் போனார். மாலா இட்லிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"தகவல் கசிஞ்சிருக்கு," என்றார் அடிக்குரலில்.

"எந்தத் தகவல்?"

"விளையாடாதே. மாப்பிள்ளையைக் கேக்கக் கூடாதுன்னு முதல் பக்கத்துலேயே எழுதியிருக்கேன்."

"நான் எங்கே கேட்டேன்? சுபியையும் கேக்கலை. நீங்க எழுதினதை ஒரு எழுத்து மீறலை." மாலா ஈரத் துணியை உதறினாள். "சாவித்திரி மாமிகிட்ட போன்ல பேசிண்டிருந்தேன். அவா பேர் உங்க உத்தரவுல இல்லையே."

"எப்போ?"

"நீங்க முதல் பக்கம் எழுதின அன்னிக்கு சாயங்காலம்."

பட்டாபி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் கடித்த பழம்? ராகுகாலம்? 'எனக்கு அபிப்பிராயம் இல்லை'? முப்பத்தாறு வருஷம் தனக்குக் கீழே இருந்தவர்கள் கோப்பை எப்படி எழுதி, மேலே இருக்கிறவனைத் தங்களுக்கு வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட வைப்பார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மேலே இருக்கிறவன் ஒவ்வொரு தடவையும் அது தன் முடிவு என்றே நினைப்பான் என்பதும் தெரியும்.

"மாப்பிள்ளைக்குக் காலியாத்தான் பிடிக்கும்னு மாமி பாவம், பயந்துண்டே சொன்னா," என்றாள் மாலா, இன்னும் தாழ்ந்த குரலில். "'எங்காத்து மாமாவுக்குத் தெரிஞ்சா, சம்பந்தி ஆத்துச் சீரை நீயே சொல்லி வாங்கினியான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நேக்கு அதைக் கேட்டுக்கேட்டு அலுத்துப்போச்சு. ஆனா இந்தத் தடவை உங்காத்து மாமாவைப் பார்த்து அவர் சிரிக்கக் கூடாது'ன்னா. அவதான் அபினவ்கிட்ட சொல்லி வெச்சிருக்கா. போங்கோ, காபியை எடுத்துண்டு போங்கோ. ஆறிடும்."

பட்டாபி காபித் தட்டோடு ஹாலுக்கு வந்தார். வெங்கடேஸ்வரன் மகனின் தோளுக்கு மேலே திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்ணு சொல்லுங்கோ," என்றார் திரும்பி. குரலில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை. "இவன் எதுல என்ன பண்றான்னு பெத்தவன் நேக்கே தெரியாது. காலியாத்தான் வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? இவனைக் கேட்டேளா?"

"இல்லப்பா. மாமா என்னை ஒண்ணுமே கேக்கலை," என்றார் அபினவ். அதில் பொய் இல்லை.

"பின்னே யாரைக் கேட்டேள்?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சாவித்திரியின் கையில் டம்ளரும் டவராவும் இருந்தன. ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அவள் நிமிரவில்லை, டவராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டாபிக்கு ஒரு வாக்கியம் போதும். 'உங்காத்துலயே கேளுங்கோ, ஓய்.' பந்தியில் நாற்பது பேர் சிரித்த சிரிப்பு, பாயசக்காரன் சிரிப்பு உட்பட, வட்டியோடு திரும்பிப் போய்விடும். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. அதன் ருசிகூடத் தெரிந்தது.

பெண்ணைக் கொடுத்த இடம். அந்த வீட்டு அம்மாள் தலை குனிந்தால், குனிகிற தலை இனி இவர் வீட்டுக்கும் சேர்த்துத்தான். பட்டாபி வாக்கியத்தை விழுங்கினார். முதுகை நேராக்கிக்கொண்டு, சம்பந்தியின் முன்னால் காபியை வைத்தார்.

"எல்லாம் கோப்புல இருக்கு."

"அப்போ அதைக் காட்டுங்கோளேன்!"

"அப்படியெல்லாம் காட்ட முடியாது. ரகசியக் கோப்பு."

"சம்பந்திக்குக்கூடவா?"

"சம்பந்தியானா என்ன, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆர்.டி.ஐ. போடுங்கோ. பத்து ரூபா கட்டி, என்ன தகவல் வேணும்னு எழுதிக் குடுங்கோ. முப்பது நாள்ல பதில் வரும்."

முதலில் சிரித்தது சாவித்திரிதான். டவராவில் இருந்த காபி தளும்பிப் புடவையில் தெளிக்கிற அளவுக்குச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அபினவும் சுபிக்ஷாவும் சேர்ந்துகொண்டார்கள். வெங்கடேஸ்வரன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என்ன விஷயம் என்று புரியாமல், புரிந்த மாதிரி அவரும் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

"சரி, போடறேன். யார் பேருக்குப் போடணும்?"

"பொதுத் தகவல் அலுவலர் உள்ள இட்லி எடுத்துண்டிருக்கா," என்றார் பட்டாபி. "இப்போ போய்த் தொந்தரவு பண்ணாதேங்கோ. காபியைக் குடியுங்கோ."